பேச்சரங்கும் பிறந்த ஊரும்

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாவில் மாணவர் பேச்சுப் போட்டிக்கு என்றும் ஓர் இடம் உண்டு. பரிசு பெற்றோர் பெயர்கள் அறிவிக்கப்பட்டதும் அவையில் மெல்லியதொரு கணக்கெடுப்பு நிகழ்வதை நாம் அறிவோம். இவ்வாண்டும் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே முதற் பரிசா, தமிழாசிரியர் இருக்கும் பள்ளிக்கே கேடயமா என்று பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்வர். இதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அப்பேச்சினுள் வரலாற்று ஆராய்ச்சிக்குரிய பொருள் ஒன்று பொதிந்துள்ளது. நாவன்மை இன்ன ஊரில்தான் பிறக்கும் என்னும் நியதி இல்லை. பரிசு மட்டும் சில ஊர்களையே நாடிச் செல்வது ஏன்? இவ்வினாவை நூறாண்டுக்கு மேலாக எதிர்கொண்டு, அதற்கேற்ப விதிகளைத் திருத்தித் திருத்தி அமைத்துவரும் நாடு அமெரிக்கா. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் பேச்சரங்க வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் டெக்சஸ் மாநிலத்துக்குச் செல்வோம். 1910-ஆம் ஆண்டில் ஆஸ்டின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சொற்கலைப் பேராசிரியராக இருந்த ஷர்ட்டர் என்பாரின் முயற்சியால் அம்மாநில உயர்நிலைப் பள்ளிகளுக்கெனச் சொற்போர்க் கழகம் ஒன்று தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் அது விளையாட்டுப் போட்டிகளையும் தன்னுள் இணைத்துக்கொண்டு, பல்கலைக்கழகப் பள்ளிகளிடைக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. பந்தாட்டமும் பேச்சும் ஒரே கூரையின்கீழ் வந்தன. இன்றும் அக்கழகம் இயங்கி வருகிறது.

டெக்சஸின் பரப்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மேற்கு எல்லையில் உள்ள எல் பாசோவிலிருந்து தலைநகரான ஆஸ்டினுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தொலைவினும் அது மிகுதி. அத்தகைய நிலப்பரப்பில், தார்ச்சாலைகள் அரிதாயிருந்த காலத்தில், ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்ட சிற்றூர்ப் பள்ளி மாணவனும் ஹூஸ்டன், டல்லஸ் போன்ற பெருநகர மாணவனும் ஒரே மேடையில் நின்றால் முடிவு எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கழகத்தார் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். வட்ட அளவில் வென்றோர் மாவட்டத்துக்கும், அதன்பின் மாநிலத்துக்கும் செல்லும் படிநிலை வகுக்கப்பட்டது. நாட்டுப்புறப் பள்ளிகளுக்கெனத் தனிப் பிரிவுகளும் ஏற்பட்டன. இவற்றை நெடுங்காலம் நடத்தியவர் ராய் பெடிச்செக். 1917-இல் கழகத்திற் சேர்ந்த அவர் 1922 முதல் 1948 வரை அதன் இயக்குநராக இருந்தார். பறவைகளையும் செடிகொடிகளையும் பற்றிச் சுவைபட எழுதிய இயற்கை ஆர்வலராகவே இலக்கிய உலகம் அவரை இன்று நினைக்கிறது. கழகப் பணிக்காக மாநிலமெங்கும் ஊர் ஊராய்ச் சுற்றியபோதுதான் அப்பறவைகளை அவர் கண்டார். தம் கழகத்தின் வரலாற்றையும் 1956-இல் நூலாக எழுதி வெளியிட்டார். போட்டியைக் கல்விக்குக் கருவியாக்கலாம் என்பதே அவர் கொள்கை.

அக்காலத்து ஆசிரியர் ஒருவரைப் பற்றி இங்குக் கூறுதல் பொருந்தும். 1928-ஆம் ஆண்டில், கல்லூரிப் படிப்பை முடிக்கப் பணமின்றி, 20 வயது இளைஞர் ஒருவர் தென் டெக்சஸில் கொட்டுலா என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். மெக்சிக வழியினரின் பிள்ளைகள் மட்டுமே பயின்ற தொடக்கப் பள்ளி அது. காலை உணவின்றி வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் பலர். விளையாட்டு, சொற்போர், எழுத்துக்கூட்டற் போட்டி எல்லாவற்றையும் அவ்விளைஞர் அங்குத் தொடங்கினார். பந்தும் மட்டையும் வாங்கத் தம் முதற் சம்பளத்தையே செலவிட்டார். பின்னர்ப் பட்டம் பெற்று, 1930-இல் ஹூஸ்டன் மாநகரின் சாம் ஹூஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பேச்சுக்கலை ஆசிரியரானார். அங்கே லூதர் ஜோன்ஸ், ஜீன் லாட்டிமர் என்னும் மாணவர் இருவரைத் தேர்ந்து, ஊர் ஊராகக் காரில் அழைத்துச் சென்று பழக்கினார். சொற்போர் அரங்கைப் பந்தாட்டக் களம் போல ஆக்கி, மாணவர்கள் ஆரவாரத்தோடு திரளும்படி செய்தார். 1931-இல் அவ்விருவரும் மாநில இறுதிச் சுற்றை எட்டினர். ஐந்து நடுவருள் மூவர் எதிரணிக்கு வாக்களிக்க, ஒரே வாக்கில் பரிசு கைநழுவியது. அவ்வாசிரியரின் பெயர் லிண்டன் ஜான்சன். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கியவர் அவரே. தோற்ற மாணவர் இருவரும் பிற்காலத்தில் வாஷிங்டனில் அவரிடமே பணியாற்றினர்.

ஆசிரியர் ஒருவரே, ஊர்தான் வேறு. மாநில இறுதி மேடை ஹூஸ்டன் மாணவர்க்கே வாய்த்தது. ஒன்று தொடக்கப் பள்ளி, மற்றொன்று உயர்நிலைப் பள்ளி என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கொட்டுலாவின் மெக்சிகப் பிள்ளைகளுள் உயர்நிலைப் பள்ளியை எட்டினோரே அந்நாளில் மிகச் சிலர் அல்லரோ? 1965-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வாக்குரிமைச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தின் ஈரவைக் கூட்டத்தில் உரையாற்றியபோது, ஜான்சன் தம் கொட்டுலா மாணவர்களைத்தான் நினைவுகூர்ந்தார். இறுதிச் சுற்று வரை வந்த ஹூஸ்டன் மாணவர்கள் அவ்வுரையில் இடம்பெறவில்லை.

இதனினும் கொடிய வேறுபாடு ஒன்று உண்டு. அஃது ஊருக்கும் ஊருக்கும் இடையே இருந்ததன்று. ஒரே ஊரின் இரு தெருக்களுக்கு இடையே இருந்தது. டெக்சஸ் கழகத்தின் விதி வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி அளித்தது. ஆகவே கறுப்பின மக்களின் பள்ளிகள் 1920-இல் தமக்கெனத் தனிக் கழகம் கண்டன. பிரைரி வியூ என்னும் கறுப்பினக் கல்லூரியைச் சார்ந்து வளர்ந்தமையால் அஃது அப்பெயராலேயே வழங்கலாயிற்று. விதிகள், போட்டிகள் யாவும் வெள்ளையர் கழகத்தைப் போன்றவையே. மேடை மட்டும் வேறு. மாநில வெற்றியாளர் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கப்பட்டவர் மாநிலத்தின் ஒரு பகுதி மாணவரை மட்டுமே வென்றவர் என்பதை அந்நாளைய பரிசுப் பட்டியலைப் பார்ப்போர் உணர்தல் அரிது.

கறுப்பினத்தாரிடையே சொல்வன்மைக்குக் குறைவிருந்ததா? டெக்சஸின் மார்ஷல் என்னும் ஊரில் இருந்த சிறிய வைலி கல்லூரியில், கவிஞர் மெல்வின் டோல்சன் பயிற்றிய அணி 1935-இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றது. (இதனைத் தழுவி 2007-இல் வந்த திரைப்படம் எதிரணியை ஹார்வர்டு என்று மாற்றிவிட்டது. உண்மையே போதிய சுவை உடையதாயிருக்க, இம்மாற்றம் எதற்கோ!) ஹூஸ்டனின் ஐந்தாம் வட்டத்தில், பில்லிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பார்பரா ஜோர்டன் என்னும் மாணவியின் கதையும் அத்தகையதே. ஜான்சன் பயிற்றிய பள்ளியும் இம்மாணவியின் பள்ளியும் இருந்தது ஒரே மாநகரம். எனினும் வெள்ளையர் கழகத்தின் மேடை அவருக்குத் திறக்கவில்லை. தேவாலயப் பணியாளர் அமைப்பு ஒன்று நடத்திய சொற்பொழிவுப் போட்டியே அவருக்கு வழிவிட்டது. அதில் மாநில அளவில் வென்று, 1952-இல் சிக்காகோ சென்று தேசியப் பரிசையும் பெற்றார். பின்பு டெக்சஸ் தென் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபிரீமன் என்னும் பேராசிரியரிடம் சொற்போர் பயின்றார். அவ்வணி ஹார்வர்டு அணியோடு மோதிச் சமநிலை கண்டது. 1966-இல் மாநில மேலவைக்கும் 1972-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1974 சூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் நிக்சன் மீதான விசாரணையின்போது அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி ஆற்றிய உரை, அந்நாட்டின் தலைசிறந்த உரைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1960-களின் பிற்பகுதியில் டெக்சஸின் இரு கழகங்களும் இணையத் தொடங்கி, 1970-இல் பிரைரி வியூ கழகம் முடிவுற்றது. இணைப்பு நல்லதே. ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் தனி மேடையில் வென்றோரின் பெயர்கள் பொதுவரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது நம் கருத்து.

இனி வடக்கே செல்வோம். விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்பன் என்று ஒரு சிற்றூர். நம் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபுவின் பட்டமும், இவ்வமெரிக்கச் சிற்றூரின் பெயரும் இங்கிலாந்திலுள்ள ஒரே ரிப்பன் நகரிலிருந்து வந்தவை என்பதைப் போகிற போக்கில் குறிக்கலாம். அவ்வூர்க் கல்லூரியைச் சேர்ந்த புரூனோ ஜேக்கப் என்பாருக்கு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மடல் ஒன்று விடுத்தார். கல்லூரிச் சொற்போராளர்க்கு இருப்பதுபோல் பள்ளி மாணவர்க்கும் மதிப்புறு கழகம் ஏதேனும் உண்டா என்பது மடலின் பொருள். இல்லை என்று விடை எழுதுவதற்குப் பதிலாக, ஜேக்கப் 1925-இல் தாமே ஒன்றைத் தொடங்கினார். தேசிய ஃபொரென்சிக் கழகம் என்பது அதன் பெயர். ஃபொரென்சிக் என்றதும் இன்று நமக்குக் காவல்துறையின் தடய ஆய்வே நினைவுக்கு வரும். உரோமானியர் மக்கள் மன்றத்தைக் குறித்த சொல்லே அதன் வேர். 2014-இல் தேசியப் பேச்சு, விவாதச் சங்கம் என அப்பெயர் மாற்றப்பட்டது. வென்றவருக்கு மட்டுமன்றித் தோற்றவருக்கும் புள்ளி வழங்கியமை இக்கழகத்தின் தனிச் சிறப்பு. மேடை ஏறியதற்கே மதிப்பு உண்டு என்றாயிற்று. முதலாவது தேசியப் போட்டி 1931-இல் ரிப்பன் ஊரிலேயே நடைபெற்றது.

இக்கழகம் வேரூன்றியது எங்கே என்று நோக்கினால் வியப்பு மேலிடுகிறது. நியூயார்க்கும் பாஸ்டனும் அன்று. நடு மேற்கின் சோளவயல்களும் கோதுமை வயல்களுமே அதன் தாய்நிலம். கான்சஸ், மிசௌரி, நெப்ராஸ்கா, மின்னசோட்டா, தெற்கு டக்கோட்டா ஆகிய மாநிலங்களின் சிற்றூர்கள் பள்ளிப் பேச்சரங்கில் தம் அளவுக்கு மீறிய புகழ் பெற்றன. தெற்கு டக்கோட்டாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலம் முழுவதிலும் வாழ்ந்தோர் ஏழு இலட்சத்தை எட்டவில்லை. அங்கே பிரையன்ட் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பேச்சுக்கலை ஆசிரியராயிருந்த கார்ல் முண்ட், ஜேக்கப்போடு இணைந்து கழகத்தை உருவாக்கியவருள் ஒருவர். பல பத்தாண்டுகள் அதன் தலைவராகவும் இருந்தார். 1948 முதல் 1973 வரை அமெரிக்க மேலவையில் உறுப்பினராக வீற்றிருந்தார். அதே மாநிலத்தின் டோலண்ட் என்னும் சிற்றூரில் மருந்துக் கடைக்காரரின் மகனாக வளர்ந்து, பள்ளிச் சொற்போரில் பழகிய மாணவர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. மிச்சல் என்னும் ஊரில், மத போதகரின் மகனாகப் பிறர்முன் பேசக் கூசிய சிறுவனாயிருந்து, பள்ளி விவாத அணியில் சேர்ந்தபின் நா திறந்தவர் ஜார்ஜ் மெக்கவர்ன். 1968-இல் ஹம்ஃப்ரியும் 1972-இல் மெக்கவர்னும் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர்களாக நின்றனர். அடுத்தடுத்த இரு தேர்தல்களில் ஒரு பெருங்கட்சியின் வேட்பாளர் இருவரும் ஒரே சிறு மாநிலத்தின் பள்ளி மேடைகளில் பேசிப் பழகியவர்கள்! கொட்டுலா ஆசிரியர் குடியரசுத் தலைவராயிருந்தபோது, துணைத் தலைவராக இருந்தவரும் டோலண்ட் சொற்போராளரே.

இதற்குக் காரணம் என்ன? காற்றும் தண்ணீரும் என்று கூறுவோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. சிற்றூர்ப் பள்ளியில் மாணவர் தொகை குறைவு. பந்தாட்டத்தில் ஆடுபவனே நாடகத்தில் நடிக்கவேண்டும், அவனே சொற்போரிலும் நிற்கவேண்டும். ஆயிரவர் பயிலும் பெருநகரப் பள்ளியில் கூச்சமுள்ள பிள்ளை கடைசி வரிசையிலேயே நான்காண்டுகளைக் கழித்துவிடலாம். முப்பது பேர் உள்ள வகுப்பில் அவ்வாறு ஒளிந்துகொள்ள இயலாது. நெடிய பனிக்காலத்தில் பள்ளிக்கூட அரங்கே ஊரின் கூடமாக இருந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள் பேச்சுக்கலையைப் பாடமாகவே கற்பித்து ஆசிரியர்களை அனுப்பின. முண்ட் அவர்களும் பின்னாளில் அத்தகைய கல்லூரியில் ஆசிரியராக இருந்தவரே. யாவற்றினும் மேலாக, அந்நாளில் சொற்போருக்குச் செலவு குறைவு. நூலகம் ஒன்று, பழைய கார் ஒன்று, மாலையில் வீடு திரும்ப அவசரப்படாத ஆசிரியர் ஒருவர். இம்மூன்றும் போதும்.

இந்நிலை மெல்ல மாறியது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான கோடைப் பயிற்சியை 1931-இலேயே தொடங்கியிருந்தது. பின் வந்த பத்தாண்டுகளில் மிச்சிகன், டார்ட்மவுத் முதலிய பல்கலைக்கழகங்களும் அத்தகைய முகாம்களை நடத்தலாயின. வாரக்கணக்கில் தங்கிப் பயில்வதற்குக் கட்டணம் உண்டு. 1972-இல் கென்டகி பல்கலைக்கழகத்தில் வெற்றியாளர்க்கான தனிப்போட்டி தொடங்கியது. நாடெங்கும் வானூர்தியில் பறந்து சென்று தகுதிப் போட்டிகளில் வென்றோர்க்கே அதில் இடம். மேற்கோள்களைத் தாள்களாகத் தொகுத்துப் பெட்டி பெட்டியாகச் சுமந்து செல்லும் வழக்கமும் பெருகியது. ஒரு மணித்துளியில் இயன்ற அளவு வாதங்களைக் கொட்டிவிட வேண்டும் என்னும் வேட்கையால் மாணவர் மூச்சு வாங்கப் பேசினர். கேட்பவர்க்குப் பொருள் விளங்குவது அருமையாயிற்று. பரிசுகள் இப்போது சிற்றூரை விட்டுச் செல்வமிக்க புறநகர்ப் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் நாடின.

நடுவர் மரபிலும் வட்டார வேற்றுமை முளைத்தது. சிற்றூர்ப் போட்டியில் நடுவராக அமர்ந்தவர் வங்கி மேலாளர், போதகர், மாணவனின் அண்டை வீட்டு அம்மையார். அவர்கள் தெளிவையும் நடையையும் போற்றினர். தேசிய மேடையில் நடுவராக அமர்ந்தவரோ நேற்று வரை சொற்போரிட்ட கல்லூரி மாணவர். அவர் வாதங்களை எண்ணிக் குறித்தார். தம் ஊரில் முதல்வனாய் விளங்கிய மாணவன் தேசிய மேடையில் முதற் சுற்றிலேயே வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திறமை குறைந்துவிடவில்லை, அளக்கும் கோல் மாறிவிட்டது. விரைவுப் பேச்சுக்கு மாற்றாக, ஒருவரோடு ஒருவர் அறம்சார் பொருள் பற்றி வாதிடும் லிங்கன்–டக்ளஸ் முறை 1980-இல் தேசியப் போட்டியில் புகுத்தப்பட்டது. எளிய மக்களே நடுவராக அமரத்தக்க பொதுமன்ற முறை 2002-ஆம் ஆண்டையொட்டி வந்தது. முதலிற் கூறிய முறையிலும் நாளடைவில் விரைவு புகுந்துவிட்டது என்பர்.

நகரின் நடுவே வாழும் ஏழைப் பிள்ளைகளின் நிலை என்ன? மாநகரத்திற் பிறந்தும் மேடையை அறியாதோர் அவர்கள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் சொற்போர் பயிற்றிய மெலிசா வேட் அம்மையார், 1985-இல் அந்நகர்ப் பொதுப் பள்ளிகளுக்கெனத் தனி விவாதக் கழகம் தொடங்கத் துணைநின்றார். 1997 முதல் சோரோஸ் அறக்கட்டளையின் பொருளுதவியால் அம்முயற்சி சிக்காகோ, நியூயார்க், பால்ட்டிமோர் எனப் பல நகரங்களுக்கும் பரவியது. பள்ளி முடிந்தபின் வீடு சேர ஊர்தி, போட்டி நாளில் உணவு, இலவச முகாம் ஆகியவற்றை அத்தகைய முயற்சிகள் முதன்மையாகக் கருதின. பேச்சுக்கும் பேருந்துக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர், மாலை ஏழு மணிக்குப் பிள்ளையை அழைத்துவரக் கார் இல்லாத வீட்டை எண்ணிப் பார்க்கட்டும்.

கலிபோர்னியாவில் யூனியன் சிட்டி என்னும் உழைப்பாளர் நகரின் ஜேம்ஸ் லோகன் பள்ளியில் டாமி லிண்ட்சி என்னும் ஆசிரியர் 1989-இல் தொடங்கிய அணி, செல்வர் பள்ளிகளையெல்லாம் விஞ்சித் தேசிய மேடையில் வாகை சூடியது. பல நாட்டு வழியினரான எளிய குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். 2004-இல் அவருக்கு மக்கார்தர் நல்கை கிடைத்தது. பள்ளிப் பேச்சாசிரியர் ஒருவருக்கு அப்பெருமை வாய்த்தமை அரிதினும் அரிது. இத்தகையோரைச் சுட்டி, முயன்றால் எவரும் வெல்லலாம் என்று கூறிவிடுவோர் உளர். லிண்ட்சி போன்ற ஒருவர் வாய்த்த ஊருக்கு அது மெய். வாய்க்காத ஊருக்கு என் செய்வது என்பதே நம் வினா.

அமைப்பு முறையில் இரு நாடாளுமன்ற வழிகள்போல் இருவகைத் தீர்வுகள் தோன்றின. தேசியச் சங்கம் நாட்டைப் பல மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள பள்ளிகளும் போட்டியாளரும் எத்துணையர் என்பதைக் கொண்டே தேசியப் போட்டிக்கு இடங்களை ஒதுக்குகிறது. ஆர்வம் மிகுந்த வட்டாரத்துக்கு மிகுதியான இடம், பள்ளிகள் குறைந்த வட்டாரத்துக்குக் குறைந்த இடம். நேர்மையான கணக்கே எனினும், உள்ளவர்க்கே மேலும் சேரும் இயல்பும் அதில் உண்டு. டெக்சஸ் கழகமோ மாணவர் தொகையை வைத்துப் பள்ளிகளை வகுப்புகளாகப் பிரித்தது. 2014 முதல் ஒன்று முதல் ஆறு வரை ஆறு வகுப்புகள். சிற்றூர்ப் பள்ளி சிற்றூர்ப் பள்ளியோடும், பெரும்பள்ளி பெரும்பள்ளியோடும் மோதுகின்றன. ஆண்டுதோறும் ஆறு மாநில முதல்வர்கள் தோன்றுவதால் பரிசின் மதிப்புக் குறைகிறது என்று குறைகூறுவோர் உண்டு. குறையட்டுமே! நாற்பது பிள்ளைகள் பயிலும் பள்ளியின் மாணவி ஒருத்தி ஆஸ்டின் மேடையில் நின்று பேசுகிறாளே, அதனை எந்தத் தராசில் நிறுப்பது?

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது தேசியப் போட்டி முழுவதும் கணினித் திரை வழியே நடைபெற்றது. வானூர்திக் கட்டணமும் விடுதிச் செலவும் அவ்வாண்டு எவருக்கும் இல்லை. தொண்ணூறு ஆண்டுகளாய்ச் சிற்றூர்ப் பள்ளிகளை வருத்திய தொலைவு ஒரே பொழுதில் மறைந்தது போலத் தோன்றியது. ஆயின் இணைய வசதி குன்றிய நாட்டுப்புறங்கள் அந்நாட்டிலும் மிகப் பல. நல்ல இணைப்பு உள்ள வீட்டுப் பிள்ளையின் குரல் தடையின்றி ஒலித்தது. இணைப்பு நலிந்த வீட்டுப் பிள்ளையோ, நடுச்சொற்றொடரில் திரை உறைந்து நிற்க, தான் பேசியது நடுவருக்குக் கேட்டதா இல்லையா என்பதை அறியாமலே பேசி முடிக்க வேண்டியிருந்தது.